கத்தியை மறக்காதீர்கள்

எங்கள் ஊர்ச் சாரணர் தலைவி ரான்வைக்கின் குழுவில் அந்த இலையுதிர் காலத்தில் மிஞ்சியிருந்தது மூன்றே பிள்ளைகள். மூவரும் ஒரே பண்ணையின் அண்ணன் தம்பிகள். நான் சிறுமியாக இருந்தபோது குழு கூடும் பால் கிடங்கின் கீழ்த்தளம் எங்களைக் கொள்ளாது. இப்போது அங்கே ஈரவாடைதான் நிறைந்திருந்தது. தன் மகனுக்காகத்தான் ரான்வைக் இதில் சேர்ந்தார். மகன் வளர்ந்து ஆஸ்லோவுக்குப் போய்விட்டான். இவர் சாரணர் கழுத்துத் துணியோடு இங்கேயே நின்றுவிட்டார்.

பகலெல்லாம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்கும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, அப்படி உட்கார்ந்தபடிதான் சொன்னார்.

"பழைய ஓட்டல்ல அகதிகளைத் தங்க வச்சிருக்காங்களே, எரித்திரியா, சிரியாக் குடும்பங்க, அவங்க பிள்ளைங்களையும் கூப்பிட்டிருக்கேன். போலந்துத் தச்சர் மகளையும்தான். யாரும் வரலன்னா கிறிஸ்துமஸோட மூடிடுவேன்."

கடைசி வார்த்தையில் வருத்தத்தைவிட மூடிவிடும் ஆசைதான் அதிகம் கேட்டது.

கைபேசியில் அவர் அனுப்பிய அழைப்பு, வழக்கமாக ஊர்க்காரர்களுக்கு அனுப்புவதுதான்: சனிக்கிழமை சாரணர் இரவு. காட்டில் தூங்குவோம். கத்தியை மறக்காதீர்கள். கைபேசி வேண்டாம். பெற்றோர் வர வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பில் கத்தி தொங்குவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாரணர் என்பதற்கு எங்கள் மொழியில் இருக்கும் சொல்லுக்கு வேவு பார்ப்பவர் என்றும் பொருள் உண்டு. அதையும் நாங்கள் மறந்து வெகுகாலமாயிற்று. கைபேசியின் மொழிபெயர்ப்பு மறக்கவில்லை.

யாரும் பதில் போடவில்லை. வியாழக்கிழமை கடையில், அந்தக் குடும்பங்களுக்கு எங்கள் மொழி கற்றுத்தரும் ஆசிரியையைப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு விஷயத்தைச் சொன்னார். நேராக ரான்வைக்கிடம் போனேன்.

"வேவுக்காரங்க ராத்திரி காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, பிள்ளைங்க கையில கத்தி கொடுத்து அனுப்பணுமாம், யாருக்கும் போன் பண்ணக் கூடாதாம். அவங்களுக்கு அப்படித்தான் போயிருக்கு. எரித்திரியாலேருந்து வந்த ஆப்ரெஹெத், தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப் பயப்படுறாங்க."

ரான்வைக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"போய் விளக்கிச் சொல்லாம விட்டுட்டா என்ன?" என்றார் மெதுவாக. "அவங்களா வரல. நானா மூடல. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது."

"ஆமா, முடியாது."

"சனிக்கிழமை தூங்கலாம். சும்மா, மத்தியானம் வரைக்கும்."

"தூங்கலாம்."

"அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போகணுமே," என்று சொல்லிக்கொண்டு, திட்டியபடியே காலணியைத் தேடினார்.

ஆப்ரெஹெத் எங்களை உட்கார வைத்துக் காப்பி ஊற்றினாள். முகம் மட்டும் இறுகியிருந்தது. மகள் ரஹ்வா கதவோரம் நின்றாள்.

"கத்தி எதுக்கு?"

"குச்சி சீவ."

"குச்சி எதுக்கு?"

"மாவைச் சுத்தி நெருப்புல வாட்டினா ரொட்டி ஆகும்."

"உங்க வீட்ல அடுப்பு இல்லையா?"

ரான்வைக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராத்திரி எதுக்கு?"

"எப்பவும் அப்படித்தான் போவோம்," என்றார் ரான்வைக். சொன்ன பிறகு அவருக்கே அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஆப்ரெஹெத் அவர் கழுத்துத் துணியைச் சுட்டிக்காட்டினாள். "எங்க நாட்டுல இப்படி உடுப்பு மாட்டினாங்கன்னா அவ்வளவுதான். கழட்டவே விட மாட்டாங்க. என் தம்பி பள்ளிக்கூடத்துலேருந்து பட்டாளத்துக்குப் போனவன். இன்னும் வரல."

"நானும் இதைக் கழட்டத்தாம்மா பாக்கறேன்," என்றார் ரான்வைக், விளையாட்டில்லாத குரலில். "விட மாட்டேங்குது."

ஆப்ரெஹெத் ஒரு கணம் முறைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். "பகல்ல வச்சா வரோம். நானும் கூட வருவேன்."

மற்ற வீடுகளுக்கும் போய் அதையே சொன்னோம்.

சனிக்கிழமை பகலில், தூறலில் போனோம். ஏழு பிள்ளைகள், மூன்று தாய்மார்கள், சேற்றில் சிக்கிய ஒரு குழந்தைத் தள்ளுவண்டி. ரான்வைக்கின் கையில் ஒரே ஒரு கத்தி. பண்ணைப் பையன்களில் மூத்தவன் ஊலாவுக்கு அவமானம் தாங்கவில்லை.

"அம்மாங்களோட சாரணரா? அடுத்த வாரம் பால் புட்டியும் கொண்டு வரணுமா?"

"உன் ரொட்டி கருகுது, முதல்ல அதைப் பாரு," என்றாள் ரஹ்வா, வகுப்பில் கற்ற சுத்தமான உச்சரிப்பில். அவன் ரொட்டி நிஜமாகவே கருகிக்கொண்டிருந்தது. சிரியத் தாய் ஒருத்தி தன் குச்சியில் சுற்றிய மாவை அவனிடம் நீட்டினாள். அவன் உம்மென்று வாங்கிக்கொண்டான்.

ரான்வைக் ஈரக் கட்டையில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். ஆப்ரெஹெத் அருகில் வந்து நின்றாள்.

"அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. ரஹ்வா தனியா வருவா. எத்தனை மணிக்கு?"

ரான்வைக் பிழிந்த காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பத்து," என்றார். பிறகு, கெஞ்சுவது போல, "பதினொண்ணு?"