பஞ்சுக்கைக்காரியின் ஆறாவது ஓஸ்

முட்டை மேல் இறக்கினாலும் முட்டை உடையாது. அப்படி ஒரு கை அவளுக்கு. டிராக்டரின் முன்னால் மாட்டிய, பாரம் தூக்கும் லோடரை அவள் கீழே இறக்கும்போது பக்கத்தில் மேய்கிற கோழிகூடத் தலையைத் தூக்காது. அதனால்தான் ஊரில் அவளுக்குப் பஞ்சுக்கை என்று பேர். வயது நாற்பத்தெட்டு. கல்யாணமே வேண்டாம் என்று இருபது வயதில் ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டார் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்தார்கள். இவள் காலை மாற்றிக்கொள்ளவே இல்லை. சொந்தமாக டிராக்டர் வாங்கி, கண்ணாடி அலமாரியா, தண்ணீர்த் தொட்டியா, எதைத் தூக்கி எங்கே வைக்க வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று வாடகைக்கு ஓட்டினாள்.

அப்பேர்ப்பட்டவளின் டிராக்டரில் மூன்றே மாதத்தில் ஐந்து ஓஸ் போயிற்று. ஏன் என்று ஊரே கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.

முதல் ஓஸ் நியாயமாகத்தான் போனது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லோடரைத் தூக்குகிற எண்ணெய் ஓடும் அந்தக் கறுப்பு ரப்பர்க் குழாய், ஆறு வருஷமாக ஓர் இரும்பு விளிம்பில் உரசி உரசி, ஒரு நாள் எண்ணெயைக் கக்கிவிட்டது. கழற்றி எடுத்துக்கொண்டு ஓஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் மனைவியை இழந்து பத்து வருஷம் ஆனவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் தேய்ந்த ஓஸைக் கையில் கொடுத்தால் போதும், நாக்கு அவிழ்ந்துவிடும்.

"பாருங்க, மேல் தோலு போச்சு. உள்ளே கம்பி வலை தெரியுது. கம்பி துருப்பிடிச்சா அவ்வளவுதான். ஆனா ஆறு வருஷம் தாங்கியிருக்கே! ஓட்டுறவங்க கை நல்ல கை."

புது ஓஸை அளந்து வெட்டினார். உள்ளே ரப்பர்த் துகள் இருக்கக் கூடாது, இருந்தால் எண்ணெயோடு போய் வால்வைக் கெடுக்கும். அதனால் ஊதிவிட்டு, "அந்த நுனியைக் கொஞ்சம் நேராப் பிடிங்க" என்று சொல்லி, இந்த நுனியில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? நம்மாள் அந்த நுனியில் தானும் கண்ணை வைத்தாள். இருட்டுக் குழாயின் கோடியில் ஒரு கண் சிமிட்டியது.

"தூசி ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. ஒரு கண்ணு தெரியுது."

அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டாள். அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் குடைந்துகொண்டே இருந்தது: "இனி ஆறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை."

ஆறு வருஷமா! போனால் வயது ஐம்பத்து நாலு.

லோடர் தடாலென்று விழாமல் இருக்க, எண்ணெய் திரும்பி வரும் வழியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். ரெஸ்ட்ரிக்டர் என்பார்கள், அவள் கடிவாளம் என்பாள். விரல் நுனியளவுதான். நடுவில் ஊசி நுழையும் துளை, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஏறும்போது எண்ணெயைத் தாராளமாக விடும். இறங்கும்போது துளி துளியாகத்தான் விடும். அதைக் கழற்றி, முகப்பவுடர் டப்பாவில் ஒளித்துவைத்தாள். பிறகு லோடர் விழுந்தது பாருங்கள், விழுந்த வேகத்தில் ஓஸ் சாட்டையாகத் துள்ளி, அதே இரும்பு விளிம்பில் அறைந்து அறைந்து, மூன்றே வாரத்தில் தோல் உரிந்தது.

இரண்டாவது ஓஸ். மூன்றாவது. நாலாவது.

"ஓஸ் கடைக்குப் போறதுக்கு எதுக்கு அக்கா நேர் வகிடு எடுத்து வாரிக்கிறே?" என்று கூடவே இருந்த தங்கை கேட்டாள்.

"கிரீஸ் தலையில ஒட்டாம இருக்க."

"புதுச் சேலை?"

"வாயை மூடு. உலை கொதிக்குது பார்."

"அடுப்பே இன்னும் பத்த வைக்கலை அக்கா!"

ஊர் வேறு மாதிரி சிரித்தது. பஞ்சுக்கை இரும்புக்கை ஆகிவிட்டாள் என்றார்கள். ஒரு வீட்டில் அலமாரியைத் தூக்க வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பவுடர் டப்பாவைத் திறக்கவில்லை. பிடிவாதம் என்றால் அவளுக்கு அப்படி.

ஐந்தாவது ஓஸ் மாட்டிய மறுவாரம் தேன்காரர் வந்தார். நாற்பது தேனீப் பெட்டிகள். பூத்த தோப்புக்கு மாற்ற வேண்டும். "தொப்புன்னு ஒரு தடவை வச்சா போதும்மா, அத்தனையும் கிளம்பிடும். ஊர்ல என்ன வேணா சொல்லட்டும். உங்க கையை நம்பித்தான் வந்திருக்கேன்."

இப்படிச் சொன்ன மனுஷரிடம் எப்படி மாட்டேன் என்பது? கடிவாளத்தைப் போட்டால் ஓஸ் போகாது. ஓஸ் கடையும் போயிற்று. போடாவிட்டால் பேர் போயிற்று. ராத்திரி முழுக்கப் புரண்டு, விடியற்காலை கண்ணைத் துடைத்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, கடிவாளத்தைப் போட்டு முறுக்கினாள். கண் கலங்கியிருந்ததில் அம்புக்குறியைப் பார்க்கவில்லை. தலைகீழாக மாட்டிவிட்டாள்!

தோப்பில் முதல் நாலு பெட்டிகளைத் தூக்கினாள். லோடர் நத்தை மாதிரி ஏறியது.

"அடடா, என்ன பதம், என்ன பதம்!" என்று தேன்காரர் கைகட்டி ரசித்தார்.

இது ஏன் இப்படி ஏறுகிறது என்று யோசித்துக்கொண்டே இறக்கும் பிடியைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம். தொம்! நாலு மூடிகளும் எகிறின. ஓஸ் துள்ளிப்போய் விளிம்பில் வெடித்து, எண்ணெய் பீச்சியடித்தது. தேனீக்கள் கறுப்புப் புகையாகக் கிளம்பின. ரசித்துக்கொண்டிருந்த மனுஷர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை யாரும் படம் எடுக்காதது பெரிய நஷ்டம். இவள் தோப்புக் கொட்டகைக்குள் பாய்ந்தாள். மூக்கில் ஒரு கொட்டு. அதோடேயே ஓஸ்காரருக்குப் போன் போட்டாள்.

பத்தே நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றார், தோளில் புது ஓஸோடு. கொட்டகையில் தேன்காரர் வைத்திருந்த முகவலைகளில் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு டிராக்டரடிக்குப் போனார்கள். சுற்றிலும் தேனீக்கள் ரீங்காரம் போட, அவர் கடிவாளத்தைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டினார்.

"தலைகீழா மாட்டியிருக்கு."

"ம்."

"போன வாரம் இந்த இடம் காலியா இருந்துச்சு."

பஞ்சுக்கைக்கு மூக்கு ஏற்கெனவே சிவப்பு. இப்போது முகமே சிவந்தது. வலைக்கு நன்றி.

"காலியா இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது ஓஸ் போய் டிராக்டரோட கடைக்கு வந்தீங்களே, அப்பவே பாத்துட்டேன்."

"பாத்தவர் சொல்லியிருக்கலாமில்ல? மூணு மாசமா ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது!"

"சொன்னா மாட்டிடுவீங்களே. மாட்டினா அப்புறம் வரமாட்டீங்களே."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். வீங்கிய மூக்கு ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஓஸ் அளந்து, வெட்டி, இரண்டு முனையும் அழுத்தி எடுக்கவே அரை மணி ஆகும். இவர் பத்து நிமிஷத்தில் வந்திருக்கிறார்.

"இது எப்ப செஞ்சது?"

"போன வாரமே. கடைச் சுவத்துல மாட்டி வச்சிருந்தேன். எப்ப வருவீங்கன்னு அதைப் பாத்துக்கிட்டே…" என்றவர் அதற்குமேல் போகாமல் ஸ்பானரைத் தேடினார். ஸ்பானர் கையில்தான் இருந்தது.

அம்புக்குறியைப் பார்த்து, கடிவாளத்தை நேராகப் போட்டார். ஓஸ் உரசும் விளிம்பில் தடித்த ரப்பரையும் சுற்றினார். துக்கச் சேதி சொல்கிறவர் மாதிரி நிமிர்ந்தார். "இனி ஆறு வருஷத்துக்குப் போகாது."

"அப்ப நீங்க வாங்க. எப்பவும் நானேதான் வரணுமா?"

"எதுக்குன்னு வர்றது?"

"ஓஸ் தேயுதான்னு பாக்க."

"தினமுமா?"

"தேய்மானம் என்ன, நாள் பாத்தா வருது?"

தேனீக்கள் அடங்கியதும் தேன்காரர் மரத்தின் பின்னாலிருந்து மெல்லத் தலையை நீட்டி, "இன்னும் முப்பத்தாறு பெட்டி இருக்கும்மா" என்றார். பஞ்சுக்கை ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெட்டியையும் தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல வைத்தாள். ஒரு தேனீகூட என்னவென்று எட்டிப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியை இறக்க மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

கடிவாளம் எவ்வளவு இறுக்கினாலும் அவ்வளவு நேரம் ஆகாது. அது ஓஸ்காரருக்கு நன்றாகவே தெரியும். அவர் வலையைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.