ஓரகத்தியின் பூச்செண்டு

அவளுடைய கல்யாணப் பூச்செண்டின் மேல் அவள் கணவனே உட்கார்ந்துவிட்டான். மண்டபத்திலிருந்து கிளம்பிக் காரில் ஏறும்போது நடந்த கூத்து அது. எழுந்து பார்த்துவிட்டு, "பூ தானே, விடு" என்றான். பதினாறு வருஷமாக அவளும் விட்டுப் பார்க்கிறாள், விட முடியவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு லாமினேஷன் கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் புதுப்பெண் ஒருத்தி ரோஜாவை நீட்டி, இதற்கும் உறை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். இவளும் அசட்டுத் தைரியத்தில் இயந்திரத்துக்குள் விட்டாள். ரோஜா தக்காளிச் சட்னியாக வெளியே வந்தது. அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் பூவைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டாள்.

இப்போது சொந்தக் கடை. பூக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணலில் தலை மூழ்கப் புதைத்து, பத்து நாள் டப்பாவை மூடி வைப்பாள். காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் மணலைத் தட்டி, அச்சில் அடுக்கி, மேலே கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் திரவத்தை ஊற்றுவாள். ஒரு நாளைக்கு ஓர் அடுக்குதான். குமிழி எழுந்தால் ஊசியால் குத்துவாள். இறுகிய பின் கண்ணாடிக் கட்டிக்குள் பூ மலர்ந்தபடியே நிற்கும். வாடிக்கையாளர்கள் அவளைப் 'பூ டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள்.

வீட்டில் அந்தப் பட்டம் செல்லாது. போன வருஷம் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மறுநாளே அவன் மனைவி, வீட்டுக்கு வந்த இளையவள், கடைக்கு வந்து நின்றாள், கையில் வெள்ளை ரோஜாச் செண்டு.

"அக்கா, இதை உங்களைத் தவிர யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார். கார்ல வரும்போது மடியிலேயே வெச்சுக்கிட்டு வந்தார். தண்டுக்கு ஈரத்துணி சுத்துனதும் அவர்தான்."

ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி! ஒருத்தன் மடியில் வைத்துக்கொண்டு வருகிறான், இன்னொருத்தன் மேலேயே உட்காருகிறான். அவள் பூவை வாங்கி மணலில் புதைத்தாள்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் சின்னவள் புராணம்தான். சின்னவள் மடித்த துணிக்கு இஸ்திரியே வேண்டாமாம். சின்னவள் வந்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கிறதாம். மாமியார் இதைச் சொல்லச் சொல்ல இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினாறு வருஷமாக இவள் மடித்ததெல்லாம் கசங்கியா கிடந்தது? இளையவளிடம் குற்றம் கண்டுபிடிக்கவும் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

கடையில் இரண்டு ரக ரெசின் இருந்தது. கல்யாண வேலைக்கு உயர்ந்த ரகம். எத்தனை வெயில் பட்டாலும் நிறம் மாறாது. சாவிக்கொத்து மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு மட்ட ரகம். ஊற்றும்போது இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மட்ட ரகம் வெயில் பட்டால் ஒரு வருஷத்துக்குள் மஞ்சளாகிவிடும். அதிலும் வெள்ளைப் பூ என்றால் துலக்காத பல் மாதிரித் தெரியும். அவள் மட்ட ரக டின்னை எடுத்தாள். வீட்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்துவிட்டீர்கள் என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டியைப் பார்த்ததும் இளையவள் கண் கலங்கிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்கே வந்தாள்.

"இது எங்க ரூம்ல இருந்தா யார் பாப்பாங்க? உங்க கடை ஜன்னல்ல வைங்கக்கா. உங்க கைத்திறமை ஊருக்கே தெரியட்டும்."

'பூ டாக்டர் கைவண்ணம்' என்று ஒரு சின்னப் பலகையும் எழுதி வாங்கி வந்திருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? மத்தியானம் முழுக்க வெயில் அடிக்கிற ஜன்னல் அது. இவள் கட்டியை நிழலான மூலைக்குத் தள்ளுவாள், இளையவள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது, "இங்க வெச்சா யாருக்குக்கா தெரியும்?" என்று முன்னால் இழுத்து வைப்பாள். இறுகிய ரெசினை உருக்கி மாற்றவும் வழியில்லை. இத்தனைக்கும் நடுவில், கடைக்கு வருகிறவர்கள் "யாரோட பூ? எவ்வளவு அழகு!" என்று கேட்டால் அதற்கும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

ஏழாம் மாதம் கட்டியின் ஓரத்தில் மஞ்சள் தட்டியது. இவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, ஈரத்துணி சுற்றிய செண்டோடு ஒரு புதுப்பெண் வந்தாள். இளையவளும் கடையில் இருந்தாள். அந்தப் பெண் ஜன்னலைக் காட்டி, "எனக்கு இதே மாதிரி வேணும். இது எத்தனை வருஷம் இப்படியே இருக்கும்?" என்றாள்.

"எங்க அக்கா செஞ்சது. எங்க பேரன் பேத்தி பாக்குற வரைக்கும் இப்படியே இருக்கும்" என்றாள் இளையவள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் அந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாமினேஷன் கடையில் அழுத முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"இது இருக்காதும்மா. இதுல மட்டமான ரெசின் ஊத்திட்டேன். உனக்கு நல்ல ரகத்துலயே செஞ்சு தரேன், அது இருக்கும்."

புதுப்பெண் செண்டைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இளையவள் மெதுவாகக் கேட்டாள், "டின் மாறிப்போச்சாக்கா?"

தப்பித்துக்கொள்ள அவளே வழிவிட்டாள். இவள் அதில் நுழையவில்லை.

"மாறல. தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

"ஏன்?"

"உன் பூ மேல யாரும் உக்காரல."

இளையவளுக்கு அந்தக் கார்க் கதை தெரியும். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதைதான். அவள் இப்போது சிரிக்கவில்லை. கட்டியை எடுத்தாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறாள், மாமியார் காலடியில் வைக்கப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். இளையவள் துப்பட்டாவால் தூசியைத் துடைத்துவிட்டு, அதே ஜன்னலில், அதே வெயிலில் வைத்தாள். பலகையையும் நேராக நிமிர்த்தினாள்.

"இங்கயே இருக்கட்டும். பலகையை எடுக்காதீங்க."

இப்போது அது முழு மஞ்சள். யாராவது கேட்டால், "அது பொறாமையில செஞ்சது" என்று இவளே சொல்லிவிடுகிறாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

மாமியாரிடம் இளையவள் இன்றுவரை மூச்சு விடவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் அதற்கும் இவளுக்கு வயிறு எரிகிறது.