ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒருவர் கமராவோடு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் கிளார்க். பின்னாளில் கொழும்பில் கமரா தூக்கிய இளைஞர்கள் பலர் அவருடைய படங்களைப் பார்த்தே படமெடுக்கத் தொடங்கினார்கள். அன்று எங்களுக்கு அவர் கறுப்புக்குடை பிடித்த ஒரு மெலிந்த மனிதர், அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் வந்தபோது அம்மா தலைக்குக் குளித்து, லயத்து வாசலில் கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கூடையோட ஒருக்கா மலையில நிண்டால் வடிவாயிருக்கும்," என்றார் அவர்.

"ஆறு நாளும் கூடையோடதானுங்க நிக்கிறேன். இன்னைக்கு சும்மா இருக்கேன். எடுக்கிறதுன்னா இப்படியே எடுங்க."

அவர் எதிர்ப்படியில் உட்கார்ந்தார். பனி மெல்ல இறங்கி முற்றத்தை மூடியது. சேவல் எங்கோ தண்ணீருக்கடியில் கூவுவதுபோலக் கேட்டது. அம்மா அவரை மறந்துபோனார். நானும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். கமராவின் சத்தம் கேட்டு விழித்தபோது பனி விலகியிருந்தது.

அதன்பிறகு எங்கள் தோட்டத்தில் யாரையும் வேலை செய்யும்போது அவர் எடுக்கவேயில்லை. கண்ணாடித்துண்டில் மீசை கத்தரிக்கிறவர், பேன் பார்க்கிற அக்கா தங்கை, ரேடியோவைக் காதோடு அணைத்துத் தூங்குகிறவர் என்று வருடக்கணக்காய் எடுத்தார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் ஏதோ கனவிலிருந்து பாதி வெளியே வந்தவர்கள்போலத் தெரிவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொழும்பில் அவற்றையெல்லாம் கண்காட்சியாக வைத்தார்கள். அவர் எழுதிக் கூப்பிட்டிருந்ததால் அம்மாவும் நானும் ரயிலேறிப் போனோம். வாசலுக்கு நேராக, ஆளுயரத்தில் அம்மா. அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். படமெடுத்தவர் தலை நரைத்துப்போய் பக்கத்தில் வந்து நின்றார்.

"சும்மாதானே இருந்தேன். ஏங்க இம்புட்டுக் களைப்பாத் தெரியிறேன்?"

"எனக்கும் அப்ப தெரியேல்லை அம்மா. படத்தைக் கழுவின பிறகுதான் கண்டனான்."

அம்மா அடுத்த படத்துக்கு நகர்ந்தார். கீழே தோட்டத்தின் பெயர் மட்டும் இருப்பதை நான் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அது போதவில்லை. படத்திலிருந்தவரின் பெயரைச் சொல்லி, "இவரு இப்ப மொனராகலையில மக வீட்டுல இருக்காரு," என்றார். படமெடுத்தவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தோட்டத்தின் பெயருக்குக் கீழே அந்தப் பெயரை எழுதினார். அம்மா ஒவ்வொரு படமாய் நடந்தார். பெயர், யார் மகள், எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். பார்க்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள்.

கடைசிப் படத்தில் ஒரு பெண்ணின் முகம் முழுவதும் பனி. எடுத்தவருக்கே அது யாரென்று நினைவில்லை. அம்மா குனிந்து அவள் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெயரைச் சொன்னார்.