பத்தடிக்கு மேல் தெரியாத லென்ஸ்

கண்ணுகளா, அகலமான பிலிம் போடுகிற பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிய சதுரமாக விழும். பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிற எனக்கு எட்டும் விலையில் அது வந்ததற்குக் காரணம் உண்டு. லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. வேறு கம்பெனி லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஒரு குக்கர் மூடி இன்னொரு குக்கருக்குச் சேருமா? நடுவில் மாட்ட ஒரு வளையம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கேமராவை விட அதற்கு விலை அதிகம்.

அருள்புரத்தில் நிட்டிங் மெஷின் பார்ட்ஸ் கடைகிற லேத்துக்காரரிடம் அளவு கொடுத்தேன். பளபளவென்று செய்து தந்தார். வீட்டில் மாட்டிப் பார்த்தால் காலண்டரில் ராகுகாலம் கூடத் தெளிவாகத் தெரிந்தது. எங்களுடையது லைன் வீடு. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அதைத் தாண்டிப் பார்க்க எங்கே போவது?

என் பெரிய மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் அமராவதி அணைக்குப் போனோம். எங்கள் நாலு பேர் முகமும் பின்னால் அணையும் மலையும் ஒரே படத்தில் விழ வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை.

கண்ணை வைத்துப் பார்த்தேன். பத்தடிக்குள் இருந்த மகன் பளிச்சென்று தெரிந்தான். அணையும் மலையும் பாலில் கரைந்த மாதிரி இருந்தன. திருகினேன், கழற்றினேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன்.

"ஏனுங்க, அந்த மலை எங்கயாச்சும் ஓடிப் போகுதுங்களா? மெதுவாவே பாருங்க," என்றாள் உங்கள் அத்தை, அதாவது என் வீட்டுக்காரி. சொல்லிவிட்டுத் தன் போனைக் கடலை விற்கிறவர் கையில் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கடைசி பஸ் வரும் வரை நான் திருகிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை பெரியவளை பஸ் ஏற்றிவிட்டு நேராக லேத்துக்குப் போனேன். சொன்னதை விட வளையத்தைத் தடிமனாகக் கடைந்திருக்கிறார். லென்ஸ் பிலிமை விட்டு நூலளவு தள்ளிப் போனாலும் தூரத்தில் இருப்பது தெளியாது என்று விளக்கினேன்.

"மெலிசா இருந்தா வளைஞ்சுக்குமுங்க. உங்களுக்குன்னுதான் கொஞ்சம் சேர்த்தே உட்டேன், அதுக்குக் காசு கூட வாங்கலீங்க," என்றார், மனம் நொந்து.

அன்பாகக் கெடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? மெலிதாக்கச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சினேன். உடைந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கடைந்தார்.

இப்போது லென்ஸில் மேல்நிலைத் தொட்டிக் குழாய் வரை தெரிகிறது. பெரியவள்தான் ஊரில் இல்லை.

கடலைக்காரர் எடுத்த படத்தை மகள் தன் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். அணை, மலை, மூன்று முகம், எல்லாம் அருமை. நடுவில் குனிந்து கேமராவைக் குடைகிற ஒரு வழுக்கைத் தலை. அதை வெட்டிவிடச் சொல்லி நாலு தரம் சொல்லிவிட்டேன். "அதான்ப்பா நீங்க," என்கிறாள். வெட்ட மாட்டேன் என்கிறாள்.