ஏறுகிற எண்ணெய்

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறுகிற டிரைவரை யாராவது பார்த்ததுண்டா? மானாம்பதிக்கு அப்பால், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பண்ணை வீட்டில் ஐசக் அப்படித்தான் ஏறுவான். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி. வெறுங்காலோடு உட்கார்ந்து, அந்தப் பெரிய புல்தரையைச் சுற்றிச் சுற்றி வருவான். "இன்னா ஐசக்கு, கோயிலுக்குள்ள தேர் ஓட்றியா?" என்று வாட்ச்மேன் முனியன் கிண்டலடிப்பான். ஐசக் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

சிரிக்கிற சங்கதியா அது? அந்தப் பண்ணை மண்ணுக்குக் கீழே எங்கேயோ அவன் மனைவி மேரி இருந்தாள். பண்ணை வருவதற்கு முன் அங்கே சவுக்குத் தோப்பு. அதன் ஓரத்தில்தான் ஐசக்கின் காலனிக்காரர்கள் செத்தவர்களை அடக்கம் செய்துவந்தார்கள். பட்டாவும் கிடையாது, வேலியும் கிடையாது. ஐசக் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்த ஒரு கோடையில் தோப்பு கைமாறியது. பொக்லைன் வந்து எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் சிலுவையும் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரமும் இல்லை. கேட்டால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். பாவி மனிதன், அந்தப் பண்ணையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். எங்கே மிதிக்கக் கூடாது என்று தெரியாததால் எங்குமே செருப்போடு போகவில்லை. வேறென்ன செய்வான்?

மழைக்காலம் முடிந்த சமயத்தில் வண்டிக்கு அந்த வியாதி வந்தது.

காலையில் என்ஜினிலிருந்து எண்ணெய்க் கம்பியை உருவி அளவு பார்ப்பது ஐசக்கின் வழக்கம். ஒரு நாள் எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. தான்தான் கூடுதலாக ஊற்றிவிட்டோம் போல என்று கொஞ்சம் வடித்தான். மறுநாள் மறுபடி ஏறியிருந்தது. வடிக்க வடிக்க ஏறியது. ராத்திரி வண்டி நிற்கிற ஷெட்டின் சாவியோ அவன் இடுப்பை விட்டு அகலவில்லை.

முனியன் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். "எண்ண கொறஞ்சி பாத்துகீறேன். ஏறி எவன்டா பாத்தான்? கீய இருந்து இன்னாவோ ஊத்துதுடா."

ஐசக்குக்கு மேரிதான் நினைவுக்கு வந்தாள். மேரி எதையும் தளும்பத் தளும்ப ஊற்றுகிறவள், கஞ்சியானாலும் சரி, விளக்கெண்ணெயானாலும் சரி. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் கம்பியை உருவும்போது, எண்ணெய் ஏறியிருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் வேதகிரி வந்தான். கம்பியை மூக்கருகே கொண்டுபோனவன் முகம் சுளித்தான். "பெட்ரோல் நாத்தம்ணா. ஆயில் ஏறல, பெட்ரோல் உள்ள எறங்குது. டேங்க் மேல கீது, கார்ப்ரேட்டர் கீய கீது. நடுவுல ஒரு மிதவ, அது தூக்கிப் புடிக்கிற ஊசி. ஊசி பெட்ரோல் வர்ற வழிய சரியா அடைக்கலன்னா ராவெல்லாம் சொட்டிக்கினே இருக்கும். இப்டியே ஓட்னா என்ஜின் காலி."

ஐசக்குக்கு எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதானா?

வேதகிரி புது ஊசி போட்டு, எண்ணெயை மாற்றிவிட்டுப் போனான். மறுநாள் மறுபடி ஏறியிருந்தது.

"பேஜாரா கீதே," என்று தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி வந்த வேதகிரி, வண்டியை வாசல் சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்க்கச் சொன்னான். அங்கே எண்ணெய் ஏறவில்லை. மறுபடி ஷெட்டில் விட்டார்கள். ஏறியது.

"வண்டி மேல தப்பு இல்லண்ணா," என்றான் வேதகிரி. குரல் இறங்கிவிட்டிருந்தது. "எடத்துலதான் இன்னாவோ கீது."

வண்டியை வெளியே தள்ளி, தரையை மூடியிருந்த புல் குப்பையைப் பெருக்கினார்கள். வேதகிரி பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்துத் தரையில் வைத்தான். யாரும் தொடாமல் அது மெல்ல உருண்டு, பின்பக்கம் ஓரிடத்தில் போய் நின்றது. எதிர் மூலையில் வைத்தான். அங்கிருந்தும் அதே இடத்துக்கே போனது. நல்ல வெயில் நேரம்தான், ஆனாலும் முனியன் வாசலோடு நின்றுகொண்டான்.

"தரை உள்வாங்கிகீதுண்ணா. வண்டி சாஞ்சி நின்னா மிதவையும் சாஞ்சிடும். ஊசி எப்டி அடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே வேதகிரி தரைக்கற்களை நெம்பினான். ஐசக்கும் கைகொடுத்தான். அடியில் மண் இறங்கிக் கிடந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு, நேர்க்கோடு பிடித்த மாதிரி. ஒரு முனையில் அகலம், மறு முனையில் குறுகல்.

ஐசக் மண்டியிட்டு அந்தப் பள்ளத்தைச் சாண் வைத்து அளந்தான். மறுபடி அளந்தான்.

அந்தத் தோப்பில் மற்றவர்களையெல்லாம் பாயில் சுற்றித்தான் புதைத்தார்கள். அந்தக் குழிகள் ஒன்றிரண்டு மழையிலேயே இறங்கி அடங்கிவிடும். மேரியை வெறும் மண்ணில் போட மனசு வராமல், வேப்பம் பலகையில் ஐசக்கே பெட்டி அடித்தான். கால்மாட்டில் பலகை போதாமல் குறுக்கி அடித்த பெட்டி. வேம்பு லேசில் இற்றுப்போகாது. பொக்லைன் மேலே ஓடியபோதும் தாங்கியிருக்கிறது, ஷெட்டு போட்டபோதும் தாங்கியிருக்கிறது. இந்த மழைக்குத்தான் மூடி உடைந்து மண் உள்ளே இறங்கியிருக்கிறது.

"ஜல்லி கொட்டி இடிச்சிட்டா சரியா பூடும்ணா," என்றான் வேதகிரி.

"இடிக்க வாணாம்பா." ஐசக் நிமிரவில்லை. "உள்ள எங்கூட்டுக்காரி கீறா."

வேதகிரி பள்ளத்தையும் அவன் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, தன் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டான். பண்ணை மேனேஜரிடம் அவன்தான் பேசினான். ஷெட்டுத் தரை வண்டிக்கு ஆகாது, வெளியே சிமெண்டில்தான் நிற்க வேண்டும் என்றான். அதில் பொய்யும் ஒன்றுமில்லை.

பள்ளத்தை ஐசக் கையாலேயே மண் அள்ளிப் போட்டு நிரப்பினான். மேரிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்களும் அந்த ஷெட்டுக்கும் பண்ணையின் பின்சுவருக்கும் நடுவில்தான் வர வேண்டும், புல்தரைக்குக் கீழே யாரும் இல்லை என்று கணக்கும் போட்டுக்கொண்டான்.

எண்ணெய் இப்போது கோட்டைத் தாண்டுவதில்லை. ஐசக் செருப்புப் போட்டுக்கொண்டே வண்டி ஏறுகிறான். "புத்தி வந்துச்சாடா?" என்று முனியன் சிரிக்கிறான். சாயங்காலம் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, காலி ஷெட்டுக்குப் போய் வாசலில் ஐசக் செருப்பைக் கழற்றும்போது மட்டும் முனியன் சிரிப்பதில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.