டம்ளரில் பத்து நாள் கலங்கல்

என் அக்கா வீட்டுக்காரரை அலுவலகத்தில் ‘டம்ளர்காரர்’ என்றுதான் சொல்வார்கள். குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் காபிகூடத் தொடமாட்டார். படகு விடவும் பறவைகள் தங்கவும் கட்டிய சின்ன மண் அணைக்கு அவர் காவலாளி. தினமும் காலையில், கரைக்கு அடியில் கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் கவலையில்லை. கலங்கியிருந்தால் உள்ளே மண் அரிக்கிறது, உடனே சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நோட்டில் ‘தெளிவு’ என்றே எழுதிவந்தார்.

பிள்ளை இல்லாதவர். அணைக் குளத்தின் நடுவே இருந்த திட்டில், புல்லுக்குள் முட்டையிடும் காட்டு வாத்துகள் மேல் வைத்த பாசத்தில் பாதியை அக்கா மேல் வைத்திருந்தாலே போதும், அவள் என்னிடம் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டாள்.

இந்த வருடம் வாத்துகள் அடைகாக்கும்போது நீர் லேசாகக் கலங்கியது. சொன்னால் குளத்து நீரைத் திறந்துவிடுவார்கள், நீர் வடிந்தால் திட்டுக்கு நாய்கள் நடந்தே போய்விடும் என்று பயந்தார். குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று வாரம். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ‘தெளிவு’ என்று எழுதினார். பத்து நாளும் அதே பொய். பதினோராம் நாள் செம்மண் கரைசலாக வந்தது. கரைக்குக் கீழே நாற்பது வீடுகள். அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னார்.

இன்ஜினியர் அம்மா வந்து பார்த்தார்.

“எப்பலேர்ந்து கலங்குது?”

“பத்து நாளா, மேடம்.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா நாலடி இறக்கிட்டு அடைச்சிருக்கலாம். திட்டைச் சுத்தித் தண்ணி நின்னிருக்கும். இப்ப முழுசாத் திறந்தாகணும்.”

மதகைத் திருகித் திறந்த கையும் மாமாவுடையதுதான். மூன்றாம் நாள் காலையில் நாய்கள் சேற்றில் இறங்கின. தடியோடு பின்னால் பாய்ந்தவர் இடுப்பு வரை புதைந்துபோனார். நாய்களோ லேசாக ஓடித் திட்டில் ஏறின. அவர் கத்தக் கத்த, ஒவ்வொரு கூடாகத் தின்றன. கயிறு போட்டு அவரை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. “விடுங்க மாமா, கரையைச் சரிபண்ணிட்டா அடுத்த வருஷம் திரும்ப வரும்” என்றேன்.

“வர வேணாம் மாப்ள” என்றார். “என்னை நம்பி இனி எதுவும் வர வேணாம்.”