வாசல் கொடியில் ஒரு சட்டை

அமீரகத்தில், ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையில் இன்று எனக்கு டூட்டி இல்லை. கேம்ப் கட்டிலில் படுத்திருந்தேன். ஊரிலிருந்து மகள் வீடியோ காலில் பாடம் ஒப்பித்தாள்.

"அமெரிக்காவோட ரெண்டாவது ஜனாதிபதி சம்சாரம்ப்பா. வீட்டுக்காரர் எப்பவும் வெளியூர்லதான். வயக்காட்டையும் பிள்ளைகளையும் அவங்களே பார்த்துக்கிட்டு, கடுதாசியா எழுதுனாங்களாம். சட்டம் பண்றப்ப பொம்பளைங்களை மறந்துடாதீங்கன்னுகூட எழுதுனாங்களாம்."

"அவரு கேட்டாரா?"

"சிரிச்சாராம். கடைசியில ஜனாதிபதி மாளிகைக்குப் போனா, அது பாதிதான் கட்டியிருக்கு. பெரிய ஹால்ல கொடி கட்டித் துணி காயப்போட்டாங்களாம்!"

ஈரத்துணியும் பூசாத செங்கல்லும் கலந்த வாடை என் மூக்கில் ஏறியது. அப்பா சவுதியில், தம்மாமில் வேலையில் இருக்க, அம்மா கட்டிய வீடும் பாதியில் நின்றது. என் டவுசரையும் தன் சேலையையும் அந்தப் பூசாத ஹாலில்தான் காயப்போடுவாள். அப்பா விட்டுப்போன நீலச் சட்டையை மட்டும் வாராவாரம் துவைத்து வாசல் கொடியில் தொங்கவிடுவாள். வீட்டில் ஆம்பளை இருப்பதாகத் தெருவில் போகிறவன் நினைக்க வேண்டுமாம். 'வந்துருங்க' என்று அவள் எழுதாத கடிதம் இல்லை. பதினாலு வருஷம் கழித்து வந்தவர் அந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டார். யாரும் உடுத்தாத சட்டை, தோளில் நார்நாராகக் கிழிந்தது.

மகள் போனோடு வாசலுக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் என் கட்டம்போட்ட சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. போன லீவில் எடுத்தது. ஒருநாள்தான் போட்டேன்.

"அதை யாரு துவைச்சா?"

"அம்மாதான். வாராவாரம் துவைக்கும்."

தோள்பட்டை அதற்குள் வெளுத்திருந்தது.